பார்சல் லிங்கில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கும்பகோணத்துப் பெண்; கல்யாணமாகி டர்பனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா ஊரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறார், இவர் தினமும் அதற்காகக் காத்திருக்கிறார். நேற்று சாயங்காலம் தபால் நிலையத்தின் பெயரில் ஒரு எஸ்எம்எஸ்: பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 34 ரேண்ட் 50 சென்ட் கட்டினால் வீட்டுக்கு வரும். லிங்கைத் தொட்டு, பெயர், முகவரி, போன் எண், கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம் என்று எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார். ஓடிபி வந்தது, அதையும் அடித்தார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, 'இந்தக் கார்டு ஏற்கப்படவில்லை, வேறு கார்டைப் பயன்படுத்தவும்' என்றது. கணவருடைய கார்டு மேஜையில் இருந்தது, அதையும் போட்டார். மறுபடி சுற்றல். அப்போதுதான் சந்தேகம் வந்து மூடியிருக்கிறார். 'பணம் இன்னும் போகல அண்ணா. லிங்கைத் தொட்டதுமே போன் கெட்டுப்போயிருக்குமா? அவர்கிட்ட இன்னும் சொல்லல. இப்ப என்ன செய்யணும்?' இதுதான் கேள்வி.

தங்கச்சி, மற்றதைப் படிப்பதற்கு முன்னால் பேங்க் ஆப்பைத் திறங்கள். கார்டுகள் இருக்கும் இடத்தில், கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்துங்கள். அரை நிமிட வேலை. அதற்கப்புறம் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். கூகிளில் தேடிக் கிடைக்கும் எண் வேண்டாம். பேங்க் பெயரில் போலி எண்ணை விளம்பரமாகப் போட்டுவைத்து, பதறிப்போய்த் தேடுகிறவர்களுக்காகவே காத்திருக்கிற கூட்டம் இருக்கிறது. பெரிய பேங்குகளின் மோசடிப் பிரிவு இங்கே ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போன் எடுக்கும். 'போலிப் பக்கத்தில் கார்டு விவரமும் ஓடிபியும் கொடுத்துவிட்டேன்' என்று அப்படியே சொல்லுங்கள். ஓடிபி கொடுத்ததை மறைக்க வேண்டாம். அதைச் சொன்னால்தான் எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். புகார் எண், பேசியவர் பெயர், பேசிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். சொல்லத் தயங்குகிறீர்கள், அது எனக்குப் புரியாமலில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவர் கார்டின் ஓடிபி அவர் போனுக்குத்தான் போயிருக்கும். இங்கே பல பேங்குகளில் எஸ்எம்எஸ்கூட வராது, ஆப்பிலேயே 'இந்தப் பரிவர்த்தனையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா' என்று கேட்டுக்கொண்டு நிற்கும். வேலைக்கு நடுவில், நீங்கள்தான் ஏதோ வாங்குகிறீர்கள் என்று நினைத்து அவர் 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டால் முடிந்தது. ஆகவே இது வேலை முடிந்து வரும்வரை பொறுக்கிற சங்கதி இல்லை. போன் போட்டு, 'உங்க கார்டை இப்பவே நிறுத்துங்க, ஆப்ல ஏதாவது ஓகே கேட்டா மறுத்துடுங்க, மத்தத சாயங்காலம் சொல்றேன்' என்றால் போதும். பதினாறு வருடமாக இந்த ஊரில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். கோபப்படுவாரே என்று பயந்து, வீட்டில் சொல்லாமல் ஒத்திப்போட்ட நேரத்தில் பணம் போன வீடுகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். லிங்கைத் தொட்டதனால் மட்டும் போன் கெட்டுவிடாது. அந்தப் பக்கம் திறந்தவுடன் அவர்களுக்குத் தெரிவது, இந்த எண் உயிரோடு இருக்கிறது, இந்த மாதிரி போன், ஏறக்குறைய இந்த ஊர் என்பது வரைதான். பக்கத்தைத் திறந்த மாத்திரத்திலேயே உள்ளே புகுந்துவிடும் தாக்குதல்களும் உலகத்தில் உண்டு. அவை பெரும்பாலும் பழைய மென்பொருளின் ஓட்டைகளை நம்பி நடப்பவை, ஆகையால் போனுக்கு அப்டேட் காத்திருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். 34 ரேண்ட் பார்சல் செய்தி அனுப்புகிறவனுக்கு அந்தச் சிரமமெல்லாம் தேவையில்லை. அவனுக்கு வேண்டியதை நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறோமே. தொட்டுவிட்டு எதையும் நிரப்பாமல் மூடியவர்கள், அந்தச் செய்தியைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, எண்ணைத் தடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். உங்கள் விஷயம் அதைத் தாண்டிவிட்டது.

அந்த ஓடிபி எஸ்எம்எஸை அழித்துவிடவில்லையே? அதைத் திறந்து முழுதாகப் படியுங்கள். அவசரத்தில் நாம் எண்ணை மட்டும் பார்ப்போம், எதற்கான எண் என்பதைப் பார்க்க மாட்டோம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது என்றீர்கள். அந்தச் சுற்றலின் மறுபுறத்தில், நீங்கள் அடித்த எண்களை அதே நிமிடத்தில் வேறொரு இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஏதோ ஓர் ஆன்லைன் கடையாக இருந்தால் எஸ்எம்எஸில் கடையின் பெயரும் தொகையும் இருக்கும், தொகை 34.50 ஆக இருக்காது. அல்லது 'உங்கள் கார்டை ஆப்பிள் பேயில் சேர்க்க' என்றோ 'கூகிள் பேயில் சேர்க்க' என்றோ இருக்கலாம். இப்போது அதிகம் நடப்பது இரண்டாவது. உங்கள் கார்டு அவன் போனுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு ஏதாவது ஒரு கடையில் போனைக் காட்டித் தட்டினால் போதும், உங்களிடம் ஓடிபி கேட்காமலேயே பணம் போகும். உடனே எடுக்கவும் மாட்டார்கள். சில நாள், சில வாரம் விட்டு, சம்பளம் ஏறும் மாதக் கடைசியில் எடுப்பதும் உண்டு. 'பணம் இன்னும் போகல' என்பதைக் கேட்டு நான் ஆறுதல் அடையாததற்குக் காரணம் இதுதான்.

அதனால் பேங்கில் பேசும்போது இதையும் கேளுங்கள்: 'என் கார்டு எந்தப் போனிலாவது, எந்த வாட்ச்சிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் அதை நீக்குங்கள்.' வெறுமனே புதுக் கார்டு வாங்கினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பழைய கார்டை வைத்துப் போனில் செய்த இணைப்பு, புதுக் கார்டுக்குத் தானாக மாறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. நேர்மையான வாடிக்கையாளரின் வசதிக்காக வைத்தது, திருடனுக்கும் உதவிவிடும். கார்டைத் தற்காலிகமாக நிறுத்தியதோடு நில்லாமல் நிரந்தரமாக ரத்து செய்யச் சொல்லுங்கள், இரண்டு கார்டையும். ஆன்லைனிலும் வெளிநாட்டிலும் செலவழிக்கும் வரம்பை ஆப்பிலேயே குறைத்து வைத்துவிடலாம். புதுக் கார்டு வந்த பிறகு இணையத்தில் வாங்க, ஆப் தரும் விர்ச்சுவல் கார்டைப் பயன்படுத்துங்கள். பல பேங்குகளில் அதன் மூன்று இலக்கப் பாதுகாப்பு எண் மாறிக்கொண்டே இருக்கும். திருடினாலும் அடுத்த வேளைக்கு உதவாது.

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இன்றோ நாளையோ உங்களுக்கு ஒரு போன் வரலாம். பேங்கின் மோசடிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். திரையில் பேங்கின் சொந்த எண்ணே தெரியலாம். அப்படிக் காட்டுவது பெரிய வித்தை இல்லை. உங்கள் முழுப் பெயர், முகவரி, கார்டின் கடைசி நாலு இலக்கம் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். எப்படித் தெரியாமல் போகும், நேற்று நீங்கள் நிரப்பியதுதானே.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, எழுபது தாண்டியவர், கரும்புத் தோட்டக் காலத்துத் தமிழ் இன்னும் நாக்கில் இருப்பவர். அவரும் இதே மாதிரி ஒரு பக்கத்தில் கார்டு விவரத்தைக் கொடுத்திருக்கிறார், ஓடிபி கேட்கும்போது சந்தேகப்பட்டு மூடிவிட்டார். அதோடு பிழைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை போன் வந்தது. 'மேடம், சாண்ட்டனில் ஒரு கடையில் உங்கள் கார்டில் 6,200 ரேண்டுக்கு வாங்குகிறார்கள், நான் நிறுத்தப்போகிறேன், உங்கள் போனுக்கு வரும் எண்ணைப் படியுங்கள்' என்றிருக்கிறான். படித்தார். இன்னொன்று, இன்னொன்று என்று மூன்று முறை. பேரன் வேலை முடிந்து வந்தபோது 18,000 ரேண்டுக்கு மேல் போயிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது சமையலறைச் சுவரில் கோயில் காலண்டர் மாட்டியிருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் மூன்று எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, அழகாக எழுதியிருந்தார். தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்று எழுதிவைத்துப் படித்திருக்கிறார். 'அவ்வளவு மரியாதையா பேசினான் தம்பி' என்றார். அந்தக் காலண்டரை என்னால் மறக்க முடியவில்லை.

பணம் வெளியே போவதற்குத்தான் ஓடிபி. போகிற பணத்தை நிறுத்த எந்த பேங்குக்கும் உங்களிடமிருந்து எந்த எண்ணும் தேவையில்லை. நிறுத்துவது அவர்கள் கையில் இருக்கிற வேலை. 'பாதுகாப்பான கணக்குக்குப் பணத்தை மாற்றுங்கள்' என்று சொல்வதும் அதே வகை. அப்படி ஒரு கணக்கு எந்த பேங்கிலும் கிடையாது. போன் வந்தால் வாதாட வேண்டாம். வைத்துவிட்டு, கார்டின் பின்னால் உள்ள எண்ணை நீங்களே கூப்பிடுங்கள். உண்மையான பேங்க் ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டில் மாமியாரோ மாமனாரோ போன் எடுப்பவர்களாக இருந்தால் அவர்களிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.

நீங்கள் கொடுத்தது கார்டு மட்டும்தான். இதைப் படிக்கிற வேறு சிலர் வேறு எதையாவது கொடுத்திருப்பார்கள், அவர்களுக்காகவும் கொஞ்சம்.

ஈமெயில் பாஸ்வேர்டைக் கொடுத்தவர்கள்தான் கார்டு கொடுத்தவர்களைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அந்த ஈமெயிலில்தான் வந்து விழுகிறது. பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தவன் அதற்குள் ஒரு சின்ன வேலை செய்துவிட்டிருப்பான்: 'பேங்க்' என்ற சொல் உள்ள மெயில்களையெல்லாம் தனக்கு ஒரு பிரதி அனுப்பும்படியோ, நம் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகும்படியோ ஒரு விதி. செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் என்ற இரண்டு இடத்தையும் திறந்து, நீங்கள் போடாதது எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். மீட்பு எண், மீட்பு மெயில் உங்களுடையதுதானா பாருங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்று கொடுத்துவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். இதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அங்கேயும் மாற்ற வேண்டும். ஜூலையில் வரி தாக்கல் தொடங்கும்போது 'உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது' என்று சார்ஸ், அதாவது இங்குள்ள வரித்துறை, பெயரில் வரும் மெயில்கள் குறிவைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கத்தைக் கொடுத்துவிட்டவர்கள், அதே எண்ணில் மறுபடி பதிவு செய்தால் திருடன் வெளியே தள்ளப்படுவான். அதற்குள் அவன் தன் ரகசிய எண்ணை (PIN) போட்டுவிட்டால், நீங்கள் உள்ளே வர ஏழு நாள் காத்திருக்க நேரலாம். அவன் உள்ளே இருந்த நேரத்தில் உங்கள் பெயரில் பணம் கேட்டு யாருக்கும் செய்தி போயிருக்கலாம் என்று கோயில் குழு, குடும்பக் குழு எல்லாவற்றிலும் வேறொருவர் மூலம் சொல்லிவிடுங்கள்.

லிங்க் சொன்னபடி ஏதாவது ஆப்பை இறக்கிப் போட்டவர்கள் கதை வேறு. முதலில் ஃபிளைட் மோடைப் போட்டு வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அந்தப் போனிலிருந்து பேங்கைக் கூப்பிடக் கூடாது, பேங்க் ஆப்பைத் திறக்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிப் பேசுங்கள். இந்த வகை ஆப்கள் ஆண்ட்ராய்டில் 'அக்ஸெஸிபிலிட்டி' அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திரையில் நீங்கள் பார்ப்பதைப் பார்க்கும், நீங்கள் தட்டுவதற்குப் பதில் தானே தட்டும். ஆப்பை நீக்கினால் போதுமா என்றால் நான் நம்ப மாட்டேன். படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவதே உத்தமம், பாஸ்வேர்டுகளை அதற்குப் பிறகு வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி, தூரத்திலிருந்து போனை இயக்க உதவும் நல்ல மென்பொருளையே போடச் சொல்லி உள்ளே வருவதும் உண்டு. வைரஸ் தேடும் ஆப் அதைக் காட்டிக்கொடுக்காது.

அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் 13 இலக்க எண்ணில் முதல் ஆறும் நம் பிறந்த தேதி, அது மாற்ற முடியாத எண். யாராவது அதை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்கப் பார்க்கலாம். சதர்ன் ஆப்ரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற அமைப்பில் 'ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒன்று இலவசமாகச் செய்யலாம். உங்கள் பெயரில் விண்ணப்பம் வந்தால் கூடுதலாகச் சரிபாருங்கள் என்று கடன் கொடுப்பவர்களுக்கு அது அறிவிப்பு. நம் கடன் விவரங்களைப் பதிவு செய்து வைக்கும் கிரெடிட் பீரோக்களிடம் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை கேட்கும் உரிமையும் சட்டப்படி உண்டு. மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் பொதுவான ஓர் அடையாளம்: சுற்றியிருக்கும் எல்லோருக்கும் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று 'நோ சர்வீஸ்' என்று காட்டினால், யாரோ உங்கள் எண்ணுக்கு வேறு சிம் எடுத்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். வேறு போனிலிருந்து நெட்வொர்க் கம்பெனியையும் பேங்கையும் உடனே கூப்பிடுங்கள்.

தங்கச்சி, பணம் போனாலும் போகாவிட்டாலும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்கிவிடுங்கள். சைபர் கிரைம்ஸ் சட்டம் இங்கே 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நடந்தது அதன்படி குற்றம். 'நீங்களே கொடுத்தீர்கள், இதில் என்ன புகார்' என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால் அசராதீர்கள். அஃபிடவிட்டை அங்கேயே எழுதி, போலீஸ்காரர் முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது. எஸ்எம்எஸ் வந்த எண், லிங்க், நேரம், ஓடிபி எஸ்எம்எஸின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

ஒருவேளை பணம் போயிருந்தால் பேங்க் திருப்பித் தருமா என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஓடிபியை வாடிக்கையாளரே கொடுத்த வழக்குகளில் பேங்க் முதலில் 'இல்லை' என்றுதான் எழுதும். அந்தக் கடிதத்தோடு விட்டுவிட வேண்டாம். புகார் சொன்ன பிறகு போன தொகை எவ்வளவு, சொல்வதற்கு முன் போனது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நீங்கள் தெரிவித்த நேரத்தைத் தாளில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்; தெரிவித்த பின்னும் பணம் போனது என்றால் பேங்க் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேங்கின் இறுதிப் பதில் திருப்தியாக இல்லை என்றால் இத்தகைய புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் அமைப்பிடம் கொண்டுபோகலாம். முன்பு பேங்குக்குத் தனி, இன்ஷூரன்ஸுக்குத் தனி என்று இருந்தவை 2024 மார்ச்சில் அதில் ஒன்றாகிவிட்டன, கட்டணம் இல்லை. இடையில் 'நாங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று ஒருவர் தானாகவே வந்து பேசினால் அவரும் அதே கூட்டம்தான்.

கடைசியாக, உங்கள் அம்மா அனுப்பிய பார்சல். அது எங்கோ நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறது; இந்தக் கலவரத்தில் அதை மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டுப் பார்சலுக்குச் சில சமயம் வரி கட்ட வேண்டி வருவதும் உண்மைதான், அதனால்தான் அந்தப் பொய் உங்களுக்கு உண்மை மாதிரி பட்டது. இதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அம்மாவிடம் தபால் ரசீதைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்று முடியும் ஓர் எண் இருக்கும். நேற்று வந்த செய்தியில் அந்த எண் இருந்திருக்காது, இருந்திருந்தாலும் பொருந்தியிருக்காது. தபால் நிலையத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய், அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் 'https://' என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வரும் பகுதிதான் உண்மையான வீடு: அது 'போஸ்ட்ஆபிஸ் டாட் கோ டாட் இசட்ஏ' என்று முடிய வேண்டும். அதற்குப் பின்னாலும் புள்ளி வைத்து வேறு பெயர் ஒட்டியிருந்தால் வேறு யாரோ. இணையத்தில் தெளிவில்லை என்றால் ரசீதின் படத்தோடு தபால் நிலையத்துக்கே ஒரு நடை போய்க் கேளுங்கள். வரி ஏதாவது இருந்தால் அந்த கவுன்ட்டரிலேயே கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.